பத்து வருஷம் அடுத்தவர் நாடகத்தில்: ஜெரோம் கெர்னின் செருகல் பாட்டுகள்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நாடக இசையமைப்பாளர் ஜெரோம் கெர்ன் எழுதிய பாட்டுகளைத் தேடிப் பட்டியல் போட்டிருக்கிறீர்கள். 1904லிருந்து 1914 வரை பாட்டுகள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் அவை பாடப்பட்ட நாடகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், இசை என்ற இடத்தில் வேறு யாருடைய பெயரோ இருக்கிறது. "இவர் அந்த நாடகங்களுக்கு இசையமைத்தாரா, இல்லையா? அடுத்தவர் நாடகத்துக்குள் தன் பாட்டை நுழைப்பது திருட்டில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். சொந்தமாகப் பேர் சொல்லும்படி ஒரு நாடகம்கூட இல்லாமல் ஒரு பாட்டுக்காரர் பத்து வருஷம் எப்படிப் பிழைத்தார், அந்தப் பத்து வருஷம் வீணா? அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். மேடை ஒத்திகைகளுக்கு இருபது வருஷத்துக்கு மேல் பியானோ வாசித்தவன் நான். அந்தக் காலத்து அமெரிக்க நாடகப் பாட்டுகளின் அச்சுத்தாள்களைச் சேர்க்கும் பழக்கமும் அதனோடு வந்தது. சட்டம் படித்தவன் இல்லை. வழக்குகளைப் பற்றி வரும் இடத்தில் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரடி விடை இதுதான். அவர் அந்த நாடகங்களுக்கு முழுதாக இசையமைக்கவில்லை. ஒன்று, இரண்டு, சில சமயம் ஏழெட்டுப் பாட்டுகளை அவற்றுக்குள் சேர்த்தார். அந்தத் தொழிலில் இதை இன்டர்பொலேஷன் என்பார்கள். நான் செருகல் பாட்டு என்றே சொல்கிறேன். முதல் உலகப் போர் வந்த சமயத்தில் கெர்னின் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகள் சுமார் முப்பது நாடகங்களில் இப்படிப் புகுந்திருந்தன. திருட்டா என்றால் இல்லை. நாடகத்தை அரங்கேற்றிய தயாரிப்பாளரே கூப்பிட்டு, காசு கொடுத்துச் செருகச் சொன்னார். மனம் நொந்திருக்கக்கூடியவர் மூல இசையமைப்பாளர் ஒருவர்தான். அவர் பெரும்பாலும் கடலுக்கு அந்தப் பக்கம் லண்டனிலோ வியன்னாவிலோ இருந்தார்.

ஏன் அப்படி ஒரு வழக்கம் என்பது புரிய வேண்டுமானால், நியூயார்க் மேடை அப்போது எதை விற்றுப் பிழைத்தது என்று பார்க்க வேண்டும். லண்டனில் ஓடிய இசை நாடகங்களை வாங்கி வந்து அப்படியே இங்கே போடுவதுதான் சார்ல்ஸ் ஃப்ரோமன் மாதிரியான தயாரிப்பாளர்களுக்குப் பெரிய வியாபாரம். லண்டன் ரசிகர்களுக்குச் சிரிப்பு வந்த இடத்தில் நியூயார்க் ரசிகர் கொட்டாவி விடுவார். பாட்டு மந்தமாக இருக்கும், முதல் அங்கம் இழுக்கும். உடனே உள்ளூரில் ஒரு கெட்டிக்கார இளைஞனைப் பிடித்து நாலு பாட்டு போடச் சொல்வார்கள். இது ஒரு காரணம். இன்னொரு காரணம் நட்சத்திரங்கள். தனக்குக் கைதட்டல் வாங்கித் தரும் பாட்டை நடிகையே கையோடு கொண்டுவருவார். மேரி கேஹில் இதில் பேர்போனவர். பாப் கோல், ஜான்சன் சகோதரர்கள் என்ற கறுப்பினக் கலைஞர்கள் மூவரின் கூட்டணியில் பிறந்த ‘அண்டர் தி பேம்பூ ட்ரீ’ பாட்டை 1902ல் ‘சாலி இன் அவர் ஆலி’ நாடகத்துக்குள் கொண்டுவந்து ஊரெல்லாம் முணுமுணுக்க வைத்தவர் அவர்தான். அதே கேஹில் விக்டர் ஹெர்பர்ட் இசையமைத்த ‘இட் ஹேப்பண்ட் இன் நார்ட்லண்ட்’ நாடகத்திலும் வெளிப்பாட்டுகளைப் பாட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஹெர்பர்ட் தன் இசைக்குள் அடுத்தவர் பாட்டைச் சகிக்காதவர். சண்டை முற்றி 1905ல் கேஹில் நாடகத்தை விட்டே போனார். ஆக, செருகலை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். மறுக்கும் அளவுக்கு ஹெர்பர்ட்டிடம் பெயரும் பலமும் இருந்தன. மற்றவர்களிடம் இல்லை.

மூன்றாவது காரணம் பதிப்பாளர். பணம் புரண்டது அங்கேதான். அப்போது ஒரு பாட்டின் வருமானம் என்றால் அச்சுத்தாள் விற்பனைதான். வீட்டில் பியானோ வைத்திருப்பவர்கள் அதை வாங்கி வாசிப்பார்கள். தானாக வாசிக்கும் பியானோவின் காகிதச் சுருளோ இசைத்தட்டோ எத்தனை விற்றாலும் இசையமைப்பாளருக்கு ஒரு காசு வராது. அந்தச் சுருள் ‘பிரதி’யே ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908ல் தீர்ப்பே சொல்லிவிட்டது. மறு வருஷம், 1909ல், புதுச் சட்டம் வந்த பிறகுதான் சுருளுக்கும் தட்டுக்கும் பிரதிக்கு 2 சென்ட் என்று ஆனது. அதனால் ஓடிக்கொண்டிருக்கும் நாடகத்துக்குள் ஒரு பாட்டு புகுந்துவிட்டால், தினம் ஆயிரம் பேர் முன்னால் அந்தத் தாளுக்கு விளம்பரம் நடக்கிறது என்று அர்த்தம். நாடகத்தின் இசையமைப்பாளருக்கு டிக்கெட் வசூலில் பங்கு இருக்கும். செருகியவருக்குப் பெரும்பாலும் தாள் விற்பனையில் வரும் ராயல்டிதான். ஒப்பந்தம் ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் பொதுவான போக்கு அதுவே.

என்னிடம் இருக்கும் அந்தக் காலத்துத் தாள்களின் அட்டையைப் பார்த்தாலே இது விளங்கும். மேலே தயாரிப்பாளர் பெயர், அதற்குக் கீழே நாடகத்தின் பெயர் கொட்டை எழுத்தில், நட்சத்திரத்தின் பெயர். அதற்கும் கீழே நாடகத்தின் பாட்டுகள் எல்லாம் விலையோடு வரிசையாக, மளிகைக் கடைச் சீட்டு மாதிரி. எல்லாப் பாட்டுக்கும் ஒரே அட்டைதான், உள்ளே இருக்கும் தாள்தான் மாறும். பாட்டை எழுதியவர் பெயரைத் தேட வேண்டுமானால் உள்ளே திருப்பி, முதல் வரிக்கு மேலே வலது ஓரத்தில் பார்க்க வேண்டும். கெர்ன் பத்து வருஷம் வாழ்ந்தது அந்த வலது ஓரத்தில்.

அவர் 1885 ஜனவரி 27 அன்று நியூயார்க்கில் பிறந்தார். அம்மா பியானோ சொல்லிக்கொடுத்தார். அப்பாவுக்கு வியாபாரம். கடைக்கு இரண்டு பியானோ வாங்கி வரச் சொல்லி அப்பா அனுப்பியபோது பையன் 200 பியானோவுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தான், "நீ பாட்டே போடு" என்று அப்பா கைகழுவிவிட்டார் என்று ஒரு கதை எல்லாப் புத்தகத்திலும் வரும். கேட்க நன்றாக இருக்கிறது. கெர்ன் கதை சொல்வதில் வல்லவர் என்பதால் இந்த மாதிரிக் கதைகளை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. நிச்சயமாகச் சொல்லக்கூடியது, பதிப்பாளர் டி.பி. ஹார்ம்ஸ் நிறுவனத்தில் மேக்ஸ் டிரைஃபஸின் கண்ணில் அவர் பட்டார் என்பது. கடைகளில் பியானோ முன் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவருக்குப் புதுப் பாட்டுகளை வாசித்துக் காட்டித் தாள் விற்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. கூடவே ஒத்திகைப் பியானோ. சீக்கிரமே அந்த நிறுவனத்தில் ஒரு பங்கையும் வாங்கினார். இந்த விஷயத்தைப் பலர் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் தன் பாட்டை அச்சடிக்கும் கடையிலேயே பங்கு வைத்திருந்த இளைஞர் அவர், பட்டினி கிடந்த கலைஞர் அல்ல. பத்து வருஷம் பொறுமையாக இருக்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

ஒத்திகைப் பியானோவைப் பற்றி ஒரு வார்த்தை, இது நான் செய்த வேலை என்பதால். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரே பாட்டை ஒரு நாளில் முப்பது தடவை வாசிப்பீர்கள். எந்த இடத்தில் பாடுகிறவருக்கு மூச்சு திணறுகிறது, எந்த வரியில் நடிகை அடுத்து எங்கே நிற்பது என்று தெரியாமல் தவிக்கிறார், வசனத்திலிருந்து பாட்டுக்குள் போகும்போது எந்த இடத்தில் எல்லாரும் சங்கடமாக ஒரு நொடி சும்மா நிற்கிறார்கள் என்பதெல்லாம் விரலுக்கே தெரிந்துவிடும். நாடகம் நன்றாக இருந்தும் ஒரு பாட்டு ஒட்டவில்லை என்றால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் வாசிக்கிறவருக்கு உடனே உறைக்கும். கெர்ன் இந்த வேலையை வருஷக்கணக்கில் செய்தார், அதுவும் அடுத்தவர் நாடகங்களின் ஓட்டைகளை அடைக்கும் வேலையோடு சேர்த்து.

1904ல், 19 வயதில், ‘மிஸ்டர் விக்ஸ் ஆஃப் விக்கம்’ என்ற ஆங்கில நாடகத்துக்குப் பல பாட்டுகள் போட்டார். 1905ல் ‘தி ஏர்ல் அண்ட் தி கேர்ள்’ நாடகத்தில் ‘ஹௌட் யூ லைக் டு ஸ்பூன் வித் மி’ என்ற பாட்டு. மூல இசை ஐவன் காரில். பூ சுற்றிய ஊஞ்சல்களில் பெண்கள் பார்வையாளர் தலைக்கு மேலே ஆடி ஆடிப் பாடியது அந்தப் பாட்டு. கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. அதுதான் அவருடைய முதல் பெரிய வெற்றி. லண்டனுக்கும் போய்வந்துகொண்டிருந்தார். 1906ல் அங்கே ‘தி பியூட்டி ஆஃப் பாத்’ நாடகத்துக்காக, பின்னால் நகைச்சுவை நாவல்களால் பேர் வாங்கிய பி.ஜி. வுட்ஹவுஸோடு சேர்ந்து ‘மிஸ்டர் சேம்பர்லின்’ என்று ஒரு அரசியல் கேலிப் பாட்டு போட்டார். இந்தச் சந்திப்பை நினைவில் வையுங்கள், திரும்ப வருகிறது. 1910ல் இங்கிலாந்துப் பெண் ஈவா லீலைக் கல்யாணம் செய்துகொண்டார். 1912ல் ‘தி ரெட் பெட்டிகோட்’ என்று முதல்முறையாக ஒரு நாடகத்துக்கு முழுதாக இசையமைத்தார். அதிக நாள் ஓடவில்லை. உங்கள் பட்டியலில் ‘இசை: கெர்ன்’ என்று தனியாக நிற்கும் வரிகள் அதிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

அப்புறம் 1914. ‘தி கேர்ள் ஃப்ரம் யூட்டா’ லண்டன் நாடகம். இசை பால் ரூபன்ஸ், சிட்னி ஜோன்ஸ். ஃப்ரோமனுக்கு முதல் அங்கம் திருப்தியாக இல்லை. கெர்னைக் கூப்பிட்டார், பாட்டு வரிகளுக்கு ஹெர்பர்ட் ரேனால்ட்ஸ். ஆகஸ்ட் மாதம் நிக்கர்பாக்கர் தியேட்டரில் நாடகம் ஏறியது. செருகிய பாட்டுகளில் ஒன்று ‘தே டிடின்ட் பிலீவ் மி’. இதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். அன்று காதல் பாட்டு என்றால் பெரும்பாலும் வால்ட்ஸ், மூன்று தட்டுத் தாளம், குரலை ஏற்றி இறக்கி உருகுவது. இந்தப் பாட்டு நாலு தட்டில் நடந்து போகிற வேகத்தில் போகிறது. மெட்டு மனிதர் பேசுகிற ஏற்ற இறக்கத்தை ஒட்டியே போகிறது. நீ எவ்வளவு அழகு என்று நான் சொன்னால் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள், இவ்வளவுதான் விஷயம். முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ‘அவர்களிடம் சொல்லும்போது’ என்று ஆரம்பித்த வாக்கியத்தை நடுவில் நிறுத்தி, ‘கட்டாயம் சொல்லத்தான் போகிறேன்’ என்று ஒரு இடைச்சொல் வருகிறது. அந்த இடத்தில் அசைகள் நெருங்கி வருகின்றன. பாடுகிறவர் பாடுவதை விட்டுவிட்டுப் பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது. நான் மாணவர்களுக்கு இதை வாசித்துக் காட்டும்போது அந்த ஒரு வரியில் கையைத் தளர்த்தச் சொல்வேன். அழுத்தினால் கெட்டுவிடும். உள்ளே வந்தது ஒட்டுப் பாட்டாகத்தான், ஆனாலும் பேசுகிறவனின் குணம் அதில் தெரிகிறது.

அந்த வருஷம் தன் அத்தை கல்யாணத்தில் வாசிக்கப்பட்ட கெர்ன் பாட்டைக் கேட்டுத்தான் நாடக இசைப் பக்கம் திரும்பினேன் என்று, பெரிய இசையமைப்பாளராக வளர்ந்த ஜார்ஜ் கெர்ஷ்வின் பின்னால் சொன்னார். அவரே 1917ல் கெர்னும் ஹெர்பர்ட்டும் இசையமைத்த ‘மிஸ் 1917’ நாடகத்துக்கு ஒத்திகைப் பியானோ வாசித்தார். அதே நாற்காலி, அடுத்த தலைமுறை.

1915 மே மாதம் ஃப்ரோமன் லூசிடானியா கப்பலில் போய், அது தாக்கப்பட்டு மூழ்கியபோது இறந்தார். இது வரலாறு. கெர்னும் அதே கப்பலில் போக வேண்டியவர், காலையில் தூங்கிப்போனதால் தப்பித்தார் என்பது பியானோ கதையைச் சேர்ந்தது. இனிமையாகச் சொல்லப்படுகிறது, நான் தராசில் வைக்கமாட்டேன். ஃப்ரோமன் போனதோடும் போரோடும் லண்டன் நாடக இறக்குமதி தளர்ந்தது, செருகலுக்கு இருந்த தேவையும் கூடவே தளர்ந்தது என்பது மட்டும் உறுதி.

அப்போது கெர்ன் போனது 39ஆவது தெருவில் இருந்த பிரின்சஸ் தியேட்டருக்கு. 299 இருக்கைகள்தான். பெரிய கோரஸுக்கு இடமில்லை, அங்கத்துக்கு ஒரு செட், சின்ன வாத்தியக் குழு. ஊஞ்சல் கட்டவே முடியாது. கதை வசனம் கை போல்டன், பாட்டு வரிகள் சீக்கிரமே வுட்ஹவுஸ். ‘வெரி குட் எடி’, ‘ஓ, பாய்!’, ‘ஓ, லேடி! லேடி!!’ என்று வரிசையாக வந்தன. 1917ல் வந்த ‘ஓ, பாய்!’ 463 காட்சிகள். ‘வெரி குட் எடி’யை, பின்னால் நாடக இசையமைப்பாளரான ரிச்சர்ட் ராஜர்ஸ் சிறுவனாகத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறார். அதே 1917ல் கெர்ன் ஒரு பேட்டியில், பாட்டு கதையை முன்னால் நகர்த்த வேண்டும், பாடுகிற பாத்திரத்தின் குணத்தைக் காட்ட வேண்டும் என்றார். இதை அவர் ஏதோ கொள்கைப் புத்தகம் படித்துக் கண்டுபிடிக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம். எங்கு வேண்டுமானாலும் செருகக்கூடிய பாட்டை நூறு தடவை செய்தவருக்குத்தான், வேறு எங்கும் செருக முடியாத பாட்டு என்றால் என்ன என்று தெரியும். நீங்கள் வீணா என்று யோசித்த பத்து வருஷத்துக்கு என் பதில் இதுதான்.

திருட்டு என்று கேட்டீர்கள் இல்லையா, அந்தப் பழி அவர் மேல் உண்மையிலேயே விழுந்த ஒரு சமயமும் உண்டு. அது செருகலுக்காக அல்ல. 1921ல் ‘குட் மார்னிங் டியரி’ நாடகத்தில் ‘கலுவா’ என்ற பாட்டு. அதன் அடிக்குரலில் திரும்பத் திரும்ப வரும் எட்டு ஸ்வரங்கள் ‘டார்டனெல்லா’ பாட்டில் இருப்பவைதான் என்று அதன் உரிமையாளர் ஃப்ரெட் ஃபிஷர் வழக்குப் போட்டார். 1924ல் நீதிபதி லேர்னட் ஹேண்ட், கெர்ன் வேண்டுமென்று எடுக்கவில்லை, ஆனாலும் தெரியாமல் எடுத்ததும் மீறல்தான் என்று சொல்லி 250 டாலர் கட்டச் சொன்னார். மேல்பாட்டு மெட்டு வேறு, அடியில் ஓடும் ஸ்வரக் கோவை மட்டும் ஒன்று. என் காதுக்கு அந்த ஒற்றுமை தெளிவாகவே கேட்கிறது. இசைக்கலைஞனாக இவ்வளவுதான் சொல்வேன், தீர்ப்பு சட்டப்படி சரியா என்பதை வழக்கறிஞர்களுக்கு விடுகிறேன். அதே 1924ல் ‘சிட்டிங் ப்ரெட்டி’ நாடகத்தின் பாட்டுகளை ரேடியோவிலோ, தட்டிலோ, நடன அரங்குகளிலோ வாசிக்கக் கூடாது என்று கெர்ன் தடுத்துவிட்டார். நடனக் குழுக்கள் தன் மெட்டைக் கண்டபடி மாற்றி வாசிப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. பாட்டுகள் வெளியே பரவவே இல்லை, நாடகம் 95 காட்சிகளோடு நின்றது. இருபது வருஷத்துக்கு முன்னால் பாட்டு எந்த வாசல் வழியாகப் போனாலும் சரி என்று இருந்தவரா இவர் என்று தோன்றும்.

கெர்ன் இசையமைத்த ‘ஷோ போட்’ 1927 டிசம்பர் 27 அன்று ஸிக்ஃபீல்ட் தியேட்டரில் ஏறியது. எட்னா ஃபெர்பரின் நாவல், ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனின் வசனமும் வரிகளும், 572 காட்சிகள். அதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் ஒரே ஒரு ஸ்வரக் கோவையைக் காட்டுகிறேன். கதை நடக்கும் படகின் பெயர் ‘காட்டன் பிளாசம்’. ஆரம்பத்தில் அந்தப் பெயரைக் கோரஸ் பாடுவது, நம் கணக்கில் மேல் ஸட்ஜத்தில் தொடங்கி, ஸ த ப ப. இதையே தலைகீழாக வாசியுங்கள், ப ப த ஸ. அதுதான் ‘ஓல் மேன் ரிவர்’ தொடங்கும் இடம். மேலே மிதக்கும் படகும் கீழே ஓடும் ஆறும் ஒரே நாலு ஸ்வரம். அந்த ஆற்றுப் பாட்டின் பெரும்பகுதி ஸ ரி க ப த என்ற ஐந்துக்குள்ளேயே நடக்கிறது. மோகனம் என்று சொல்லமாட்டேன், கமகமும் இல்லை, நோக்கமும் அது இல்லை, ஆனால் நம் காதுக்கு அது உடனே பிடிபடுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

உங்கள் பட்டியலுக்கு முக்கியமான விஷயம் இங்கேதான் வருகிறது. பாட்டும் கதையும் ஒன்று என்று கொண்டாடப்படும் இதே ‘ஷோ போட்’டுக்குள் செருகல் பாட்டுகள் இருக்கின்றன, இசையமைப்பாளரே தெரிந்து வைத்தவை. இரண்டாம் அங்கத்தில் சிகாகோவின் ட்ரோக்கடேரோ அரங்கம், புத்தாண்டு இரவு. கதாநாயகி மக்னோலியா பயந்துகொண்டே மேடையேறி ‘ஆஃப்டர் தி பால்’ பாடுகிறாள். அது சார்ல்ஸ் கே. ஹாரிஸ் 1890களின் தொடக்கத்தில் எழுதிய பாட்டு. கூட்டத்துக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டு என்பதால் அவர்களும் சேர்ந்து பாடுகிறார்கள், அதுவே அவளைக் காப்பாற்றுகிறது. அந்தப் பாட்டே 1892ல் ‘எ ட்ரிப் டு சைனாடவுன்’ என்ற நாடகத்துக்குள் செருகப்பட்டுத்தான் நாடு முழுக்கப் பரவியது. பழைய காலத்தின் வாசனை வேண்டும் என்றபோது கெர்னால் அந்த மாதிரி ஒரு மெட்டைத் தானே போட்டிருக்க முடியும். அவர் உண்மையான பாட்டையே எடுத்தார். இன்னொன்று ‘பில்’. வுட்ஹவுஸ் வரிகளில் 1918ல் ‘ஓ, லேடி! லேடி!!’க்காகப் போட்டு, அரங்கேறுவதற்கு முன் வெட்டப்பட்ட பாட்டு. ஒன்பது வருஷம் அலமாரியில் இருந்து, ஹாமர்ஸ்டைன் சில வரிகளை மாற்ற, நடிகை ஹெலன் மோர்கன் ‘ஷோ போட்’டில் பியானோ மேலே உட்கார்ந்து பாடி அதை நிலைநிறுத்தினார்.

ஆகவே பட்டியல் போடும்போது மூன்றாகப் பிரியுங்கள்: கெர்ன் முழுதாக இசையமைத்தவை, அடுத்தவர் நாடகத்தில் அவர் சேர்த்தவை, ஒன்றிலிருந்து வெட்டி இன்னொன்றுக்குப் போனவை. அந்தக் காலத்து நிகழ்ச்சித்தாளில் ‘கூடுதல் பாட்டுகள்’ என்ற பொருளில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தால் அது இரண்டாம் வகை. அச்சுத்தாள் வருஷத்தை நாடகத்தின் வருஷம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், நடுவில் சேர்ந்த பாட்டுகள் நிறைய. ‘பில்’ பாட்டின் வரிகளை நீங்கள் ஹாமர்ஸ்டைன் பெயரில் போட்டிருக்கிறீர்கள். வுட்ஹவுஸ் என்று திருத்துங்கள். இந்தத் தவறு அப்போதே பரவியிருந்தது. ‘ஷோ போட்’டை மறுபடி மேடையேற்றும் வேலைக்காக நியூயார்க் வந்த கெர்ன், 1945 நவம்பரில் தெருவில் மயங்கி விழுந்து, சில நாளில், 11ஆம் தேதி, இறந்துபோனார். 1946 ஜனவரியில் அந்த நாடகம் ஏறியபோது, ‘பில்’ தன்னுடையது அல்ல, வுட்ஹவுஸுடையது என்று ஹாமர்ஸ்டைன் நிகழ்ச்சித்தாளில் தனியாக ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தார்.